ருத்திராட்சப் பூனை

நாய்க்கும் பூனைக்கும் சோறு போடுவதற்குக்கூட ஒரு சாஸ்திரம் வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். மூன்று வருஷங்களுக்கு முன் யாராவது நம்மிடம் அப்படி ஒரு சாஸ்திரத்தைப் பற்றிப் பிரஸ்தாபித்திருந்தால் நாமும் சிரித்துத்தான் இருப்போம். வீட்டில் மிச்சமிருந்தால் போடுகிறோம். மிச்சமில்லாவிட்டால் இரண்டு பிடி தயிர் சாதம் பிசைந்து போடுகிறோம். வாயில்லா ஜீவன்கள் வாலை ஆட்டிவிட்டுத் தின்கின்றன. இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? இப்படித்தான் நாம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்துக்கு நம் வீட்டுப் பூனை தன் இரண்டு கண்களை விலையாகக் கொடுத்தது.

ராமநாதபுரத்துக்குத் தென்கிழக்கே, கீழக்கரைக்குச் சற்றுக் கிழக்காக, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது பெரியபட்டினம். பூர்வீகத்தில் சீன தேசத்தோடு வியாபாரத் தொடர்பு கொண்டிருந்த துறைமுகம் இது. 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் இங்கே தோண்டிப் பார்த்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. இன்றைக்குக் கப்பல் வராவிட்டாலும் மீனுக்குக் குறைவில்லை. வலை கரையேறும் நேரத்தில் சூடையும் சாளையும் காரலும் மணலில் வெள்ளிக் காசுகளைப் போலத் துள்ளும். ஊர்ப் பூனைகளெல்லாம் அந்த நேரம் தெரிந்து அங்கே ஆஜராகிவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பூனைக்கு மீன் கிடைக்காமல் கண் போயிற்று என்றால், காவேரிக் கரையில் குடியிருந்தவன் தாகத்தால் தவித்த கதையாகத்தான் இருக்கும். அந்தக் கதைதான் நம்முடையது.

நம் வீடு தலைமுறை தலைமுறையாகச் சைவ போஜனம். பள்ளிக்கூட உத்தியோகத்தை முன்னிட்டு இவ்வூருக்கு வந்து குடியேறியபோது, வாசல் திண்ணையில் முன்பே குடியிருந்த ஒரு நாட்டு நாயும் வீட்டோடு சேர்த்து நமக்குக் கிடைத்தது. வீரன் என்று அதற்குப் பெயர் வைத்தோம். பிறகு நம் பெண் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தாள். அந்தக் குட்டியை ஒரு நாள் பஸ் சக்கரம் கொண்டுபோய்விட்டது. குழந்தை மூன்று நாள் சோறு தின்னவில்லை. ஆகையால் அடுத்து வந்த குட்டியை வாசற்படி தாண்டவிடாமல் வளர்ப்பது என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று. அதன் கண்கள் பளபளவென்று மின்னியதால் பெண் அதற்கு மீனாட்சி என்று நாமகரணம் செய்தாள். மீனுக்கும் கண்ணுக்கும் அவ்வளவு நெருங்கிய சம்பந்தம் இருக்குமென்று பெயர் வைத்தபோது நாம் நினைக்கவில்லை.

இரண்டுக்கும் ஒரே சட்டியிலிருந்து ஒரே சோறு. காலையில் பால் சாதம், மத்தியானம் பருப்புச் சாதம், இரவில் தயிர் சாதம். வித்தியாசம் பாராட்டாமல் சமமாக நடத்துகிறோம் என்பதில் நமக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது, "உங்கள் பூனை மீனே தின்னாதாமே!" என்று வியந்தால், வீட்டு ஆசாரத்தை அதுவும் கற்றுக்கொண்டுவிட்டது என்று நாம் பதில் சொல்வோம். அடுத்த வீட்டு லாத்தா மட்டும் இந்தப் பெருமையை ஒப்புக்கொள்ளவில்லை. அறுபது வயதைக் கடந்தவர்; வீட்டு அம்மாள் அவரைச் சொந்தத் தமக்கையாகவே பாவித்து வருகிறாள். "நீங்க சைவம், சரி. அது எப்ப வாத்தியாரே சைவமாச்சு?" என்று ஒரு நாள் கேட்டார். நாம் சிரித்து மழுப்பினோம்.

இரண்டு வருஷம் கழிந்தது. வீரன் பருத்துக்கொண்டே போயிற்று. மீனாட்சி இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் வழக்கமாகத் தாவி ஏறும் ஜன்னல் விளிம்பை அது தவறவிட்டுக் கீழே விழுந்தது. மற்றொரு நாள், இடம் மாற்றிப் போட்டிருந்த முக்காலியில் முட்டிக்கொண்டது. நடுப்பகல் வெயில் கூடத்தில் அடிக்கும்போதும் அதன் கண்மணிகள் இருட்டில் இருப்பதுபோல் அகல விரிந்தே இருந்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிட்டதாக நினைக்கும் என்பது பழமொழி. இந்தப் பூனைக்குக் கண் திறந்திருந்தபோதே பூலோகம் இருண்டுகொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் நாம்தான்.

ராமநாதபுரத்துக்குக் கூடையில் வைத்து எடுத்துச் சென்றோம். கால்நடை டாக்டர் விளக்கை அடித்துக் கண்களைப் பரிசோதித்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள்?" என்பதுதான். நாம் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் விளக்கிச் சொன்னதன் சாராம்சம் இது. 'டாரின்' என்று ஒரு சத்து உண்டு. மனிதனுடைய தேகமும் நாயினுடைய தேகமும் பெரும்பாலும் தமக்கு வேண்டிய டாரினைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. பூனையின் தேகத்துக்குப் போதிய அளவு தயாரிக்கும் சக்தி கிடையாது. உண்ணும் மாமிசத்திலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது பெற்றாக வேண்டும். அரிசியிலும் பருப்பிலும் அந்தச் சத்து கிடையாது. பாலிலும் முட்டையிலும் இருப்பது மிகமிகச் சொற்பம். அது கிடைக்காமற்போனால் முதலில் விழித்திரை நலிந்து பார்வை மங்கும். இருதயமும் தளர்ந்து வீங்கும். இதன் குறைவால் பூனைக்குக் கண் போவதை 1975-ஆம் வருஷத்திலும், இருதயம் கெடுவதை 1987-ஆம் வருஷத்திலும் அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். சரியான ஆகாரம் கொடுத்தால் இருதயத்தைக் காப்பாற்றலாம். மேற்கொண்டு கேடு வராமல் தடுக்கலாம். நலிந்துபோன விழித்திரை மீண்டும் தளிர்க்காது.

நாய்க்கு ஒத்துக்கொண்ட சோறு பூனைக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? இதற்கு விடை தேடிப் போனால் மனிதனுடைய பழைய சரித்திரத்துக்கே போக வேண்டியிருக்கிறது. நாய் நம்மோடு சேர்ந்து நம் எச்சிலைத் தின்று வளர்ந்த பிராணி. நாம் பயிரிட்டுத் தானியம் தின்னத் தொடங்கியபோது அதுவும் தொடங்கிற்று. மாவுப் பொருளை ஜீரணிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருப்பதாக 2013-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கண்டது. பூனையின் கதை வேறு. மனிதன் சேர்த்து வைத்த தானியத்தைத் தின்ன எலி வந்தது; எலியைத் தின்னப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷங்களுக்கு முற்பட்ட சமாதி ஒன்றில் மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருப்பதை 2004-இல் அறிவித்தார்கள். அவ்வளவு காலமாக அது நம் வீட்டில் இருந்தும், நம் சோற்றை நம்பி இருந்ததில்லை. அதன் சம்பளம் எலி. நாமோ மீனாட்சியைக் கதவுக்குள் அடைத்து அந்தச் சம்பளத்தை நிறுத்திவிட்டு, பதிலுக்குத் தயிர் சாதம் கொடுத்துச் சமத்துவம் பேசிக்கொண்டிருந்தோம்.

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்வதையும், அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு விளையாடுவதையும் நேயர்கள் பார்த்திருப்பார்கள். ருத்திராட்சப் பூனை என்று பொய்த் தவசிகளுக்கு நாம் பெயர் வைத்திருக்கிறோம். கல்லில் இருக்கும் அந்தப் பூனையாவது தன் வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டது. மீனாட்சிக்கு ருத்திராட்சம் கட்டிவிட்டவர்கள் நாம்.

அன்றிரவு வீட்டில் நெடுநேரம் விவாதம் நடந்தது. மீனாட்சியை மீன் சமைக்கும் வீடு ஒன்றுக்குக் கொடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை. கண்ணைக் கெடுத்துவிட்டு இன்னொருவர் தலையில் கட்டுவது என்ன நியாயம் என்று பெண் கேட்டாள். கடையில் விற்கும் பூனை ஆகாரம் வாங்கிப் போடலாம், டாரின் முதலிய சத்துக்கள் அதில் கணக்காகச் சேர்த்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதிலும் இருப்பது மீனும் கோழியும்தானே? பொட்டலத்தில் வந்தால் மாமிசம் நம் கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் என்ன? கண் தெரியாமற்போன பூனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் சௌகரியத்தைப் பற்றிப் பேச நமக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது மகாத்மாவின் நினைவு வந்தது. 1926-இல் ஆமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி தம் ஆலையில் திரிந்த சுமார் அறுபது நாய்களைக் கொல்லச் செய்தபோது எழுந்த கூக்குரலையொட்டி, காந்தியடிகள் 'யங் இந்தியா'வில் தொடர்ந்து எழுதினார். வேறு வழியில்லாமற்போனால் அந்தக் கொலையும் தகும் என்று அவர் சொன்னது அன்றும் பலருக்குக் கசந்தது, இன்றும் கசக்கும். ஆனால் அந்த வாதத்துக்கு நடுவே அவர் எடுத்துரைத்த ஒரு கருத்தை யாரும் தள்ளிவிட முடியாது. தெருநாய்க்கு ஒரு துணுக்கு ரொட்டியை வீசிவிட்டுப் புண்ணியம் சம்பாதித்ததாக எண்ணுவது ஜீவகாருண்யம் ஆகாது; ஒரு பிராணியிடம் அன்பு இருந்தால் அதற்கு உடையவனாகி முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. நம் சட்டமும் பின்னால் இதையே சொல்லிற்று. தாம் பரம சைவராக இருந்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் எடுத்த முயற்சியின் பலனாக 1960-இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வளர்ப்பவன் தன் பிராணிக்குப் போதிய ஆகாரமும் தண்ணீரும் தங்குமிடமும் கொடுக்கத் தவறுவது அதன்படி குற்றம். வயிறு நிறையப் போட்டோமே என்று நாம் வாதாடலாம். ஆனால் போதிய ஆகாரம் எது என்பதை வளர்ப்பவனுடைய ஆசாரமா நிர்ணயிப்பது? உண்பவனுடைய தேகமல்லவா நிர்ணயிக்க வேண்டும்?

மறுநாள் காலையில் லாத்தா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். "அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. பூனையைக் கட்டிப்போட்டுத் தானும் தீனி போடாமல், அது தானாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட ஒரு பெண் நரகத்துக்குப் போனதாக நபிகள் நாயகம் சொன்ன வரலாறு ஹதீஸில் இருக்கிறதாம். தாகத்தால் நாக்குத் தள்ளிய நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்ட கதையும் இருக்கிறதாம். இரண்டையும் சொல்லிவிட்டு, "உங்க வீட்டு அடுப்பில் மீன் வேக வேண்டாம். எங்க அடுப்பிலே அதுக்கும் ரெண்டு வெந்துட்டுப் போகுது" என்றார். நாம் விலையைக் கொடுப்பது, அவர் வேகவைத்துக் கொடுப்பது என்று உடன்படிக்கை ஏற்பட்டது.

டாக்டர் எழுதிக் கொடுத்தபடி நம் வீட்டில் இப்போது நடக்கும் ஒழுங்கு இதுதான். பூனையின் வயிறு சிறியது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதே அதன் சுபாவம். ஆகையால் மீனாட்சிக்கு நாளைக்கு நான்கு வேளை. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் பொட்டல ஆகாரம், இரண்டும் சேர்ந்து சுமார் 30 கிராம். பகல் பன்னிரண்டுக்கும் மாலை ஐந்துக்கும் மீன், இரண்டும் சேர்ந்து சுமார் 80 கிராம். மேலும் டாரின் மருந்து தினம் ஒரு முறை. முழுக்க மீனாகவே கொடுக்கலாகாது. வேறு சத்துக்கள் குறைந்து உடற்கொழுப்பு கெட்டு வீங்கும் ஒரு நோய் வரும் என்று டாக்டர் எச்சரித்தார்.

மீனை உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைக்க வேண்டும். டாரின் தண்ணீரில் கரைந்துவிடுமாதலால் வெந்த சாற்றைக் கொட்டாமல் அதையும் ஊற்ற வேண்டும். பச்சையாகவே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சிலவகைப் பச்சை மீன்களில் 'பி1' என்னும் ஜீவசத்தை அழிக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் பச்சை மீன் போட்டு வளர்த்த பண்ணை நரிகள் கைகால் முடங்கி இறந்ததிலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். வேகவைத்தால் அந்தப் பொருள் செயலற்றுப் போய்விடுகிறது. பாலையும் நிறுத்திவிட்டோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை ஜீரணமாவதில்லை. பூனை என்றாலே பால் என்று பாடப் புத்தகத்தில் சொல்லிக் கொடுத்த குற்றத்துக்கு நாமும் உடந்தை.

வீரனுக்குக் காலை ஏழு, மாலை ஏழு என்று இரண்டே வேளை. இரண்டுக்கும் சேர்த்து அரை உழக்கு அரிசி, அதனோடு முள் மெத்தென்று ஆகும்வரை வெந்த சிறு மீன்கள், கொஞ்சம் பூசணிக்காய், டாக்டர் கொடுத்த சுண்ணாம்புச் சத்துப் பொடி. பிறந்து சில மாதங்களே ஆன குட்டியானால் மூன்று நான்கு வேளை வேண்டும். அளவு சரிதானா என்று அறிய டாக்டர் சொல்லிக்கொடுத்த சோதனை எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது. கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். முதல் நாள் தடவியபோது வீரனிடம் விலா இருப்பதாகவே தெரியவில்லை. குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போட்ட முறுக்கும் பிஸ்கோத்தும் அங்கே படிந்திருந்தன.

சட்டம் போட்டுவிட்டால் போதுமா? பெரியபட்டினத்து தர்காவில் சந்தனக்கூடு விழா நடந்தபோது, வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் திண்ணையில் படுத்திருந்த வீரனிடம் பிரியம் கொண்டு பிரியாணியை இலையோடு வைத்துவிட்டார்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் இரத்தத்தைக் கெடுப்பவை. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிப்பது. வீரன் இரண்டு நாள் வாந்தியெடுத்துத் தப்பித்தது. அதற்குப் பிறகு திண்ணையில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, "வீரன் சாப்பிட்டாயிற்று, தண்ணீர் மட்டும் வைக்கலாம்" என்று எழுதிவைத்தோம். நாயை வீட்டுக்குள் சேர்க்காத லாத்தா, அவர் வீட்டு வாசலில் ஒரு மண் சட்டியில் தினமும் அதற்குத் தண்ணீர் மாற்றி வைக்கிறார்.

பூனைத் தட்டை எட்டிப் பார்ப்பது வீரனுடைய மற்றொரு வழக்கம். ஆகவே மீனாட்சியின் தட்டைத் தாழ்வான ஓர் அலமாரிப் பலகையில் வைத்து, ஏறுவதற்கு ஒரு சரிவுப் பலகையும் சாய்த்துக் கொடுத்தோம். பூனைக்கு எட்டாமல் உறி கட்டிய வீட்டில் பூனைக்கே உறி கட்ட வேண்டியதாயிற்று!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை முன்னிட்டு ஏற்பட்ட தடை. நாட்டுப் படகுகள் கொண்டுவருவதுதான் அப்போது மீன், விலையும் ஏறிவிடும். அந்த நாட்களில் பொட்டல ஆகாரத்தைக் கூட்டி மீனைக் குறைக்கிறோம். அதையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றினால்தான் வயிறு ஒத்துக்கொள்கிறது.

ரமலான் மாதம் வந்தது. விடியுமுன் சஹர், சூரியன் அஸ்தமித்த பின் நோன்பு திறப்பு என்று லாத்தா வீட்டு அடுப்பின் காலமே மாறிவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டிய அவசியமே இல்லை. பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருப்பவரை மத்தியானத்தில் மீன் வேகவைக்கச் சொல்வது மரியாதையா என்று நமக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மீனை நிறுத்திவிடலாம் என்று சொல்லப் போனோம். அவர் அடுப்படியில் உட்கார்ந்து சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"நோன்பு எனக்குத்தான் வாத்தியாரே, பூனைக்கு இல்லை" என்றார்.

கல்லூரியில் படித்தும், வகுப்பில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியும் நமக்கு விளங்காத விஷயம் இந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிற்று. விரதம் என்பது அவரவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்வது. அதை விதித்துக்கொள்ளவும் கைவிடவும் சக்தியற்ற ஒரு ஜீவன்மேல் சுமத்தினால் அது விரதமாகாது, பட்டினியாகும். நம் வீட்டில் இன்றும் சைவ போஜனம்தான். அதில் யாருக்கும் குறைவு வந்துவிடவில்லை.

மீனாட்சிக்குப் பார்வை திரும்பவில்லை. ஆனால் தேகம் தேறி, ரோமம் பளபளவென்று வந்துவிட்டது. இருதயமும் திடமாக இருக்கிறதென்று டாக்டர் சொல்கிறார். கண்ணில்லாத பூனைக்கு வேளையும் இடமும் தவறாமல் இருப்பதுதான் கண் என்பதை இப்போது தெரிந்துகொண்டிருக்கிறோம். ஆகையால் தட்டு வைக்கும் இடத்தை நாங்கள் அங்குலம்கூட மாற்றுவதில்லை. கூடத்து முக்காலியையும் நகர்த்துவதில்லை.

பகல் பன்னிரண்டுக்குச் சில நிமிஷங்கள் இருக்கும்போதே அது எழுந்து, சுவரோரமாக நடந்து, சரிவுப் பலகையில் ஏறி, வெறும் அலமாரிக்கு முன்னால் காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த வீட்டில் சட்டியின் மூடி சத்தமிடுகிறது. லாத்தாவின் செருப்பு ஓசை படியில் கேட்கிறது. ஒரு நாளாவது அந்த ஓசை வராமற்போகுமோ என்ற சந்தேகம் அதன் முகத்தில் இல்லை. அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவர்களாக நடந்துகொள்வதுதான் இனி நமக்கு வேலை.